பத்தொன்பது அடுப்புக்கு ஒரு சக்கரம்

சந்திரவல்லிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த ஐப்பசி மாதம் ஆபீசர் வந்துவிட்டுப் போனதிலிருந்து மூன்று நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் கன்னையன் பயந்துபோய், தானே தண்ணீர் எடுத்துவந்தான், தானே கிழங்கு அவித்தான். "எதையாவது சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சியும் பார்த்தான். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் ஆபீசர் மேல் மட்டும் இல்லை. போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்களையும் தாண்டி, ஜீப்பு ஏறாத சரிவில் இருந்தது ஈத்தம்பாறை. மலைவாசிகளான பளியர்களின் குடி, மொத்தம் பத்தொன்பது வீடு. எண்பத்து மூன்றாம் வருஷம் அது. கீழே மலையடிவாரத்தில் சர்க்கார் காலனி கட்டுவதாகவும், ஓட்டு வீடும் கரண்டும் தருவதாகவும் ஆபீசர் வந்து சொன்னார். "மேலே கரண்டு எந்தக் காலத்திலும் வராது. பத்துக் குடும்பம் இறங்கினால் போதும், அப்புறம் இங்கே ரேஷனும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது, எல்லாம் கீழேதான்" என்றார். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தவள் ராக்கு. அதுதான் சந்திரவல்லியின் நெஞ்சைப் பிடுங்கியது.

ராக்கு அந்தக் குடியின் மருத்துவச்சி. அவள் கை படாமல் பிறந்த பிள்ளை அங்கே ஒன்றோ இரண்டோ இருக்கும். சந்திரவல்லியின் இரண்டு பிள்ளைகளையும் எடுத்தது அவள்தான். போன மழைக்காலத்தில் ராக்குவின் சொந்த மருமகளுக்கே வலி கண்டது. மூன்று நாளாக மழை, மண்ணெண்ணெய் தீர்ந்துபோய்ப் பந்தமும் நனைந்து கிடந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாய்க்கு ரத்தம் போவதை ராக்கு கையால் தொட்டுத்தான் அறிந்தாள், அறிந்தபோது நேரம் கடந்துவிட்டது. "கண்ணு தெரியாத கை என்ன கை" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் வைத்ததைப் பார்த்து இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் கைநாட்டு வைத்தார்கள். பத்துக்கு இரண்டுதான் பாக்கி. தை பிறந்ததும் முடிவான பட்டியலோடு வருவதாக ஆபீசர் சொல்லியிருந்தார்.

கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று சந்திரவல்லிக்குத் தெரியும். அவள் தங்கை குடும்பம் வேறொரு காலனியில் ஏழு வருஷமாக இருக்கிறது. வீடு இருக்கிறது, ஒரு சாண் நிலம் இல்லை. விடிந்தால் யாராவது ஒருவர் தோப்பில் கூலிக்கு நிற்க வேண்டும். மேலே அவளுக்கு அரைக்காணி ஏலச்செடி இருந்தது, பாறையில் தேன் இருந்தது, தோண்டினால் கிழங்கு இருந்தது. இதையெல்லாம் ஒரு பல்புக்காக விட வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் ராக்குவிடம் அப்படிக் கேட்க யாருக்கு வாய் வரும்? சந்திரவல்லிக்கு வரவில்லை. அவள் பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நான்காம் நாள் காலையில் அவள் பேசினாள். "அந்தச் சக்கரம் சும்மாத்தானே கிடக்கு" என்றாள்.

கன்னையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அவள் உச்சியில் இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். அங்கே ஃபாக்டரியை ஓட்டியது ஒரு தண்ணீர்ச் சக்கரம். இரும்புச் சக்கரம், விளிம்பெல்லாம் சிரட்டை சிரட்டையாகக் கிண்ணம். குழாயில் இறங்கும் தண்ணீர் அதில் அடிக்க, சக்கரம் சுற்றும், கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடும். பிறகு எஸ்டேட்டுக்குக் கம்பம் நட்டுக் கரண்டு வந்தது. சக்கரத்தையும் குழாய்களையும் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். அதன் மேல் புல் முளைத்துவிட்டதாக அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள்.

குடித்தலைவர் வீரணன் கன்னையனுக்கு அண்ணன்முறை. அவரைக் கூட்டிக்கொண்டு இருவரும் எஸ்டேட்டுக்கு நடந்தார்கள். மேனேஜர் சிரித்தார். "எடுத்துட்டுப் போ, எனக்கு இடமாவது காலியாகும்" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். இவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே பன்னிரண்டு ஆள் மூங்கிலோடு வந்து நின்றார்கள். இரண்டு மலை முகடு தாண்டி அந்தச் சக்கரத்தைத் தோளில் கொண்டுவந்தார்கள். குழாய்களுக்கு மட்டும் ஒன்பது நடை ஆயிற்று. பட்டியலில் கைநாட்டு வைத்தவர்களும் தோள் கொடுத்தார்கள். போகிறவன்தானே என்று ஒருவனும் ஒதுங்கவில்லை, அப்படி ஒதுங்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. எனக்கு இந்த ஜனங்களை நினைத்தால் இந்த இடத்தில்தான் முதலில் மலைப்பு வரும்.

சக்கரம் வந்தது. அதிலிருந்து கரண்டு எடுக்க ஆள் வேண்டுமே. சந்திரவல்லி தேன் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போடிக்கு இறங்கினாள். நாலைந்து கடையில் கேட்டாள், நாலைந்து கடையிலும் சிரித்தார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செம்புக் கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டும் தவசியின் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கிணற்று மோட்டார் புகைந்தால் ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம் வரைக்கும் தவசியைத்தான் தேடுவார்கள். கெட்டிக்காரர். அது தனக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி எம்புட்டு ஒசரத்துல இருந்து விழுது தாயி?"

"மூணு மூங்கி ஒசரம் இருக்கும்ணே."

"கோடையில?"

"மெலியும். வத்தாது."

தவசி கடைக்குள் திரும்பிப் பார்த்தார். மூலையில் ஒரு ஜெனரேட்டர் கிடந்தது. டூரிங் சினிமாக் கொட்டகை ஒன்று மூடியபோது அவரிடம் வந்தது. எண்ணெய் எஞ்சின் செத்துவிட்டது. கரண்டு எடுக்கும் பாகம் நன்றாகவே இருந்தது, காயில் அவர் கையாலேயே கட்டியது. மூன்று வருஷமாக யாரும் கேட்டு வரவில்லை. அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. மின்சார போர்டு கரண்டு பாதி நாள் வராத வருஷம் அது.

"சரி, வர்றேன். ஆனா நான் சொல்றபடிதான் செய்யணும்" என்றார்.

"நீங்க சொல்றபடியே செய்றோம்ணே" என்றாள் சந்திரவல்லி. அந்த ஒரு வார்த்தைதான் பிறகு வினையாகப் போயிற்று.

கார்த்திகை முழுக்க வேலை நடந்தது. மேலே ஓடையில் கல் அடுக்கித் தண்ணீரைத் திருப்பினார்கள். சரிவில் குழாய் இறக்கினார்கள். கீழே பாறைமேல் சக்கரத்தை நிறுத்தி, பெல்ட்டு போட்டு ஜெனரேட்டரோடு சேர்த்தார் தவசி. கம்பத்துக்குப் பதில் நிற்கிற மரங்களிலேயே கம்பி இழுத்தார்கள். தவசிக்கு ஒரு மாசத்தில் நாக்கு மாறிவிட்டது, பச்சைத் தேனும் கிழங்கும் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது. குழாய் மூட்டில் சணல் சுற்றுவது முதல் உப்புப் போடுவது வரை எல்லாவற்றுக்கும் பாடம் நடத்துவார். இவர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பேச்சு தடித்தது. ஈத்தம்பாறையில் தேன் எடுத்தாலும் சரி, பன்றி விழுந்தாலும் சரி, பத்தொன்பது பங்கு. அடுப்புக்கு ஒரு பங்கு. எடுத்தவனுக்குக் கூடவும் இல்லை, காய்ச்சலில் படுத்துக் கிடந்தவனுக்குக் குறையவும் இல்லை. ஏலக்காய் எடுக்கக் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போன வீட்டுக்காரர்களின் தேன் பங்கு மூங்கில் குழாயில் அவர்கள் கூரையிலேயே தொங்கும். அந்த வருஷம் அமாவாசை குடும்பமும் வீரையா குடும்பமும் அப்படி வாசல் படலைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் பல்பு மாட்டச் சொன்னார் வீரணன்.

தவசி கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். "ஆளில்லாத வீட்டுக்கு லைட்டா? யாரு பாக்க?"

"அவுக பங்குங்க அது."

"பங்கு கிங்கெல்லாம் தேனோட வச்சுக்கங்க. இது கரண்டு. வீணாக்கக் கூடாது."

வீரணன் சந்திரவல்லியைப் பார்த்தார். சொன்னபடி செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். மனசே இல்லாமல், "அண்ணனுக்குத் தெரியும், விடுங்க மாமா" என்றாள்.

பதினேழு வீட்டுக்கு அறுபது வாட்டு பல்பும், பல்புக்கு ஒரு ஸ்விட்சும் வந்தது. தவசி வீடு வீடாகப் போய் ஸ்விட்சைத் தட்டிக் காட்டினார். சோலி முடிந்ததும் அணைத்துவிட வேண்டும், எரியவிட்டுத் தூங்கினால் கெட்ட கோபம் வரும் என்றார். மீட்டர் ஓடுகிற ஊரில் பிறந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் சந்திரவல்லி குழாயின் வாயைத் திறந்தாள். அந்த வேலை அவளுக்கென்று ஆகிவிட்டிருந்தது. தண்ணீர் அடித்ததும் சக்கரம் முனகி, அசைந்து, பிடித்துக்கொண்டது. மேலே பதினேழு வீட்டிலும் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். ராக்கு தன் வீட்டு பல்புக்கு அடியில் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்திரவல்லி இதைப் பார்க்கவில்லை, கன்னையன் ஓடிவந்து சொன்னான். சக்கரத்தை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. தவசி சொல்லிக்கொடுத்தபடி ஒரு வீட்டில் அணைத்தார்கள். பிறகு இன்னொரு வீட்டில். நல்ல பிள்ளைகளாக ஒவ்வொருவரும் அணைத்தார்கள். சக்கரத்தின் பக்கத்தில் இருந்த சந்திரவல்லிக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மேலே ஒரு வெளிச்சம் குறையக் குறைய, கீழே சக்கரத்தின் சத்தம் ஒரு படி ஏறியது. ஏழாவது வீடு அணைந்தபோது பெல்ட்டு விசில் அடித்தது. எரிகிற பல்புகள் வெள்ளை வெளேரென்று ஆயின. அடுத்த நொடி டப் டப்பென்று வரிசையாக வெடித்தன. மிஞ்சிய பத்தும் போயிற்று. அவள் பாய்ந்து போய்க் குழாயை அடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராக்குவின் தலையில் கண்ணாடித் தூள். அவள் திட்டவில்லை. தலையைத் தட்டிக்கொண்டே, "பாத்தியாடி ஆத்தா. நமக்கு இது ஒட்டாது" என்றாள். மறுநாள் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் கீழே போவதாகச் சொல்லிவிட்டார்கள். பத்து ஆகிவிட்டது.

தவசி இரண்டு நாள் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக் குடைந்தார். காயிலில் குறை இல்லை. தன் கை கட்டிய காயிலில் குறை இல்லை என்பதில் ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் மண்டை காய்ந்தது. சந்திரவல்லி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"அண்ணே, நாலு பேரு மூங்கியில லோடு தூக்கிட்டு எறக்கத்துல போறோம். திடீர்னு லோடு அந்து விழுந்திருச்சுன்னா என்ன ஆகும்?"

"தூக்குனவன் குப்புற ஓடுவான்."

"சக்கரமும் அப்படித்தாண்ணே ஓடுச்சு. எஸ்டேட்டுல ரோலரை நிறுத்துனா, சக்கரத்துக்காரரு வெரசா ஓடித் தண்ணிய அடைப்பாரு. அடைக்காட்டி அது வெறி பிடிச்சுச் சுத்தும். பதினேழு பல்புதான் அதுக்குப் பாரம். ஒவ்வொருத்தரா எறக்கி வச்சுட்டோம்."

தவசி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து மாட்டினார். அணைத்திருந்ததால் தப்பிய ஏழு பல்பில் ஐந்தை மட்டும் போடச் சொன்னார். ஐந்துக்கு ஏற்றபடி தண்ணீரைச் சிறிதாகத் திறக்கச் சொன்னார். முள் இருநூற்று இருபதில் நின்றது. ஒன்றை அணைக்கச் சொன்னார். முள் ஏறியது. இன்னொன்று. இன்னும் ஏறியது. மூன்றாவதை அணைக்க அவர் விடவில்லை.

"முப்பது வருசமா போர்டு கரண்டுலயே கெடந்துட்டேன்" என்றார். "அங்க லச்சம் வீடு எரியுது. ஒருத்தன் அணைச்சா ஒண்ணும் தெரியாது. இங்க இருக்கறதே நாம மட்டுந்தான்."

அவரை நான் எத்தனை கேலி செய்தாலும், அந்த நிமிஷத்துக்காகக் கும்பிடலாம். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அதை வேறு யார் தலையிலும் வைக்கவில்லை. குடிக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்தார். எல்லா வீட்டிலும் எரிய வேண்டும், எரிந்தால் எல்லாம் எரிய வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் எரியாது என்றார். இருட்டும்போது தண்ணீரைத் திறப்பது, படுக்கும்போது அடைப்பது, அவ்வளவுதான். நடுவில் பிள்ளைப்பேறு, காய்ச்சல் என்றால் அடைக்கவே வேண்டாம். தண்ணீர் எப்படியும் ஓடப்போகிறது, அதற்கு மீட்டர் கிடையாது. சொல்லிவிட்டு அவரே ஏணி வைத்து ஏறி, பதினேழு ஸ்விட்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வீரணண்ணே, அந்த ரெண்டு வீட்டுக்கும் பல்பு மாட்டிருவோம். சக்கரத்துக்குப் பாரம் கூட இருந்தா நல்லதுதான்" என்றார்.

வீரணன், "நாங்க அதுக்குச் சொல்லலீங்க" என்றார். பாரமாவது கீரமாவது. பங்கு என்றால் பங்கு, அவருக்கு அவ்வளவுதான்.

பல்பு வாங்க தவசி போடிக்கு இறங்கினார். கடையில் தேங்கிக் கிடந்த வேலையையும் முடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்து பத்தொன்பதையும் மாட்டி முடித்த மறுநாள், தை இரண்டாம் தேதி, ஆபீசர் பியூனோடு மூச்சு வாங்க ஏறிவந்தார். இன்னும் ஒருநாள்கூட எல்லாவற்றையும் சேர்த்து எரியவிட்டுப் பார்க்கவில்லை. ஆபீசர் பாறைமேல் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தார். பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், முடித்துவிடலாமா என்றார். வீரணன், "பொழுது சாயட்டுங்கய்யா, ஒண்ண மட்டும் பாத்துட்டு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன், சரி என்று காப்பியை ஊதிக்கொண்டு உட்கார்ந்தார்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் சந்திரவல்லி குழாயைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரத்தின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே திறந்தாள். சத்தம் ஏறி, ஓர் இடத்தில் வந்து படிந்து நின்றது. அவளும் கையை எடுத்தாள். குடிக்கு ஓடிவந்து பார்த்தபோது பத்தொன்பது வீடும் எரிந்துகொண்டிருந்தது. படல் கட்டிய இரண்டு வீட்டின் இடுக்கெல்லாம் வெளிச்சம் ஒழுகியது.

ஆபீசர் எழுந்துவிட்டார். படல் கட்டிய வீடுகளைக் கையால் காட்டி, "அங்கே ஆள் இல்லையே, எதற்கு எரிகிறது?" என்றார். தவசி ஏதோ சொல்ல வாயெடுத்து, சந்திரவல்லியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அது அவுக பங்குங்கய்யா. அது அணைஞ்சா மத்ததும் நிக்காது" என்றாள் அவள்.

ராக்கு கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தாள். மெல்ல முன்னால் வந்தாள்.

"நான் கீழ போயிட்டா, என் வீட்ல?"

சந்திரவல்லிக்கு அவளைப் போகாதே என்று சொல்ல ஆசை. காலைப் பிடித்துக் கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை. "எரியும் அத்தை. நீ எங்க இருந்தாலும் உன் பங்கு உன் பங்குதான். நாந்தான் பல்பு மாத்திப் போடுவேன்" என்றாள்.

ராக்கு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். திறந்த வாசலுக்குள் தரை தெரிந்தது. போன மழையில் மருமகள் படுத்திருந்த அதே தரை. ஒரு எறும்பு போனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஆபீசரிடம் போனாள்.

"என் பேரை அடிச்சிருங்கய்யா."

"ஏம்மா? நீதானே முதல்ல வச்சே? அடிக்கறதுன்னா காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

"அன்னைக்கு இங்க கை இருந்துச்சு, வெளிச்சம் இல்ல. ஒருத்தி செத்தா" என்றாள் ராக்கு. "இனிமே வெளிச்சம் இருந்து, கை இல்லாம ஒருத்தி சாகணுமாய்யா? அதை எழுதுங்க."

ஆபீசர் பேனாவைத் திறந்தார். காரணம் எழுதும் கட்டத்தில் அது அடங்காது. எதுவும் எழுதாமல் பெயரை மட்டும் அடித்தார். அவள் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியில் மூன்று பெயர் மட்டும் மிஞ்சியது. அந்த மூன்று குடும்பமும் மாசியில் கீழே, ஏற்கெனவே கட்டியிருந்த வேறொரு காலனிக்குப் போயிற்று. போகும்போது அழுதார்கள், யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆபீசரை வழியனுப்பிவிட்டு வந்த சந்திரவல்லி ராக்கு வீட்டு வாசலில் நின்றாள். ராக்கு பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து, சின்னக் கத்தியை வைத்து, பத்து விரலிலும் நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாள். வீரணன் மருமகளுக்கு அது ஒன்பதாவது மாசம்.